ஊர் இல்லாதவர்கள் ஊர் திரும்பிய கதை

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் அப்பாயியின் குடும்ப அட்டை. கண்டியில் கொடுத்தது. பெயர், வயது, உறவுமுறை என்று போகிற கட்டங்களுக்கு நடுவில் இந்தியாவில் பூர்வீக ஊர் எது என்ற கேள்விக்கு ஒரு கட்டம் இருக்கிறது. திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரை அதில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரை அப்பாயி பார்த்ததில்லை. தாத்தாவும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். பார்க்காத ஊருக்குத் 'திரும்பிய'தால் அரசாங்கம் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தது.

பிறக்காத இடத்துக்குத் திரும்புவது எப்படி என்ற கேள்வியை மலையகத்துத் தோழர்கள் பல காலமாகக் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். கப்பலேறிப் போன முதல் தலைமுறைக்காவது இங்கே 'ஊர்' என்று ஒன்று இருந்ததா? இதை யாரும் கேட்கக் காணோம். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். அவர்களுடைய வரலாற்றை 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்ற ஒரே போர்வைக்குள் சுருட்டி வைத்தால் இந்தக் கேள்வி காணாமல் போய்விடும். போர்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம்.

ஊர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாட்டுகளில் சேரி என்பது வெறும் குடியிருப்பு. அதில் இழிவு கிடையாது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை எங்களுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளுக்கு வந்தால் வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாக வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தின அரசாங்கக் கணக்கு இது. ஊர் என்றால் அதில் சேரி சேராது. இன்றைக்கும் 'ஊருக்குள்ள போயிட்டு வாரேன்' என்று சேரிக்காரர் சொன்னால் அவர் எங்கிருந்து எங்கே போகிறார் என்பது கேட்கிற எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. எல்லா ஊரையும் தன்னுடையதாகச் சொன்ன கணியன் பூங்குன்றனாரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறோம். அவருக்குப் பெயரிலேயே ஒரு ஊர் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தமாக ஒன்று இருக்கிறவனுக்குத்தான் மற்றதையும் தன்னுடையது என்று சொல்ல வாய் வரும்.

1931 ஆகஸ்டு 14-ல் பம்பாய் மணிபவனத்தில் காந்தியை முதல்முறையாகச் சந்தித்தபோது தனக்குத் தாயகம் என்று எதுவும் இல்லை என்றார் அம்பேத்கர். இதைப் பலர் கோபத்தில் விழுந்த வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை வெறும் தகவலாகத்தான் படிக்கிறேன். நாய் பூனையைவிடக் கேவலமாக நடத்துகிற, குடிக்கத் தண்ணீர் தராத மண்ணை எப்படித் தாயகம் என்பது? அதே அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு நகலை முன்வைத்துப் பேசும்போது கிராமத்தைப் புகழ்ந்தவர்களைக் கறாராக மறுத்தார். சரியாகப் பதினோரு நாள் கழித்து, நவம்பர் 15-ல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. மலையகத் தமிழர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து யோசித்துப் பார்க்கிறேன். இங்கே கிராமம் எங்களுக்கு ஊர் அல்ல என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதத்தில், அந்தக் கிராமத்தை விட்டு ஓடிப்போனவர்களுக்கு நாடும் இல்லை என்று அங்கே எழுதினார்கள்.

ஏன் ஓடிப்போனார்கள்? பஞ்சம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள். பஞ்சம் எல்லோருக்கும்தான் வந்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்கீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி ஒரு அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலம் என்ற ஏற்பாட்டுக்கு வழிவிட்ட அறிக்கை என்பதால் நம்மவர்களுக்கு அது தெரிந்ததுதான். அதில் நிலத்தைப் பற்றிப் பேசுகிற இடங்களைத்தான் நாம் அதிகம் எடுத்துக் காட்டுகிறோம். குடிசை போட்டிருந்த மனையும் அவர்களுடையது இல்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையோடு கிளப்பிவிடலாம் என்பது அதே அளவுக்கு முக்கியமான சங்கதி. உழுகிற நிலம் இல்லாதவன் ஏழை. படுக்கிற இடமும் இன்னொருவன் தயவில் என்றால் அவனுக்குப் பெயர் வேறு.

தாத்தாவின் அப்பா 1920-களின் தொடக்கத்தில் போனார். பண்ணையில் படியாள். எவ்வளவு கடன், யார் வாங்கியது என்பதெல்லாம் அவருக்கே தெரியாதாம். அவருடைய அப்பன் கைநாட்டு வைத்தது. கங்காணி வந்து முன்பணம் கொடுத்தான். ஒரு ராத்திரியில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மண்டபம் முகாமில் மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, அம்மை குத்தி, தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றினார்கள். பண்ணைக் கடனிலிருந்து தப்பி கங்காணிக் கடனுக்குள் போய் விழுந்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுவார்கள். உண்மைதான். கடனைக் குறித்துக் கூலியாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் இரண்டு கடனும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று பிறக்கும்போதே இருக்கிற கடன். இன்னொன்று தானே நடந்து போய் வாங்கிய கடன். அந்த ஒரு ராத்திரி நடந்தாரே, அது எங்கள் குடும்பத்தில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு வைத்த முதல் அடி.

தோட்டத்தில் சாதி இல்லையா என்றால், இருந்தது. கப்பலில் சாதியும்தான் ஏறியது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் குடியான சாதிகள். லயம் ஒதுக்கியதிலும் சாதி இருந்தது. விடிகாலையில் பெரட்டுக்குத் தப்படித்து எழுப்புகிறவர் யார், சாவுக்குத் தப்படிக்கிறவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1975-ல் புத்தகமாக வந்த ஜெயராமனின் ஆய்வு, தோட்டங்களில் சாதி எந்த அளவுக்குத் தொடர்ந்தது என்பதை விரிவாகப் பேசுகிறது. ஆனால் சாதி அங்கே தளர்ந்த இடங்களும் உண்டு. அப்பாயி சொல்லும்: "மலைக்குப் போயிட்டா அல்லாருக்கும் ஒரே கூடைதான் புள்ள. தராசு என்ன சாதியா பாக்கும்? கணக்கப்புள்ள வேணா ஒரு றாத்தல் கொறச்சு எழுதுவான். அதயும் அல்லாருக்குந்தான் கொறைப்பான்." பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசை. மூங்கிலிலோ தகரத்திலோ வருகிற மலைத்தண்ணீர். முதலில் வந்தவள் முதலில் பிடிப்பாள். "எங்க மாமியா அந்தப் பீலிக்கரையில நின்னு மொத மொத சத்தம் போட்டு சண்ட போட்டுச்சாம். அங்கிட்டு ஊர்ல கெணத்துல யாராவது ஊத்துவாங்களான்னு எட்ட நின்ன பொம்பள."

தண்ணீருக்காக ஒருத்தி உரிமையோடு சண்டை போட்ட இடம். வீடு என்கிற நினைப்பு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

மிகைப்படுத்தவும் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டு உசுரு. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு அடுத்த தேர்தலில் ஓட்டே இல்லை. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இலங்கை நாலு பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இந்தியா ஏழு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விகிதாச்சாரம். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாயி இந்தியாவுக்கு விழுந்தது. அப்பாயியின் தங்கச்சி இலங்கைக்கு விழுந்தது. 'விழுந்தது' என்றுதான் அப்பாயி சொல்லும், சீட்டு விழுந்த மாதிரி.

விரும்பி வரவில்லை, சரி. துரத்தியும் யாரும் வரவில்லை, பசி வந்தது. 1973, 1974-ல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. மாவு கிடைக்கவில்லை. தோட்டங்கள் அரசு கைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், வேலை நாளும் குறைந்தது. ஒரு வருசத்துக்கு முன்னால் வரை இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்று அட்டையைக் கூரைக்குள் சொருகி வைத்திருந்த தாத்தா, 1974 கடைசியில் அதை எடுத்துத் தூசி தட்டினார். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை 'அழுகைக் கோச்சி' என்று அப்பாயி சொல்லும். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும் அழுவார்கள், ஏறினவர்களும் அழுவார்கள். டிரைவரே அழுதான் என்று ஒரு தடவை சொன்னது. அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலிலேயே போய்விட்டதால் ராமானுஜம் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. பழைய ஆட்கள் போன மண்டபம் முகாமுக்கே பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்று கம்புளி, ஒரு அரிக்கன் லாம்பு, கொழுந்துக் கூடை ஒன்று. கூடையை எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டால் அப்பாயிக்குப் பதில் தெரியாது. "அது இல்லாம எப்பிடிப் போறது" என்றது ஒரு தடவை.

மறுவாழ்வுத் திட்டங்களில் வியாபாரக் கடன் என்று ஒன்று. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே தெரிந்த பெரும்பாலானவர்களை அதில்தான் தள்ளினார்கள். ஐயாயிரம் ரூபாய் வரை. முகாம் வாசலிலிருந்து பூர்வீகக் கிராமம் வரைக்கும் அந்தக் காசைப் பார்த்துக் காத்திருந்த கைகள் ஏராளம். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கையில் காசு தீர்ந்து கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப்போய் அங்கே கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்ட தாயகம் திரும்பியோர் பற்றி 1980-களில் வழக்கும் விசாரணையும் நடந்தன. வேறு சிலரை ஆந்திர நூற்பாலைகளுக்கு அனுப்பினார்கள், வேறு சிலரைக் கர்நாடகத்தில் சுள்ளியா ரப்பர்க் காட்டுக்கும் கேரளத்தில் புனலூர்ப் பக்கமும். தாயகம் என்றார்களே தவிர எந்த மாநிலம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

தாத்தா அட்டையில் எழுதியிருந்த ஊருக்கே போனார். ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பங்காளிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். போய் இறங்கியதும் சேரியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். சிலோன்காரங்க வந்திருக்காங்க. அங்கே இருக்கும்வரை 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்'. இங்கே வந்தால் 'சிலோன்காரன்'. பங்காளிகள் குடிசை போட ஒரு மூலையைக் காட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடமும் அந்த மூலைதான் இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தாத்தா பண்ணைக்காரரைப் பார்க்கப் போனார். பங்காளிகள்தான் போகச் சொன்னது, அது முறை என்று. அப்பாயி இந்தக் கதையை ஒரே மாதிரிதான் சொல்லும், ஒரு வார்த்தை மாறாது.

"திண்ணையில ஒக்காந்திருந்தாரு கெழவரு. ஆருடான்னாரு. இவுரு பேரச் சொன்னாரு. தெரியல. அட்டைய நீட்டுனாரு. அதயும் பாக்கல. அப்பன் பேரச் சொன்னாரு பாரு, ஒடனே மொகம் மலந்து போச்சு. அட, நம்ம பண்ணையில கெடந்து ராத்திரியோட ராத்திரியா ஓடுனானே, அவம் மவனா நீயி? வாடா வா. வந்துட்டியா. மாட்டுக் கொட்டாயி அப்பிடியேதான்டா கெடக்குன்னாரு. நல்லாத்தான் சிரிச்சாரு. கோவம்லாம் இல்ல. சொந்தக்காரவுகளப் பாத்த மாரி."

இந்த நாட்டில் எங்கள் தாத்தாவை அடையாளம் கண்டுகொண்ட முதல் மனிதர் அவர்தான். ஐம்பது வருசத்துக்கு முன்னால் போன ஒருத்தரைப் பெயரோடு ஞாபகம் வைத்திருந்தார். வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் எழுதுகிற ஊர் ஞாபகக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள்: கோயில் யானைக்குத் தெரிந்தது, டீக்கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பழைய வாத்தியார் தோளைத் தட்டினார், ஊர் என்னை மறக்கவில்லை என்று கண் கலங்கினேன். அவர்களை நான் கேலி செய்யவில்லை. நம்மை ஞாபகம் வைத்திருக்கிற இடம்தான் நம் ஊர் என்பது பொதுப்புத்தி. எங்களையும் அந்த ஊர் ஞாபகம் வைத்திருந்தது. என்னவாக ஞாபகம் வைத்திருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர் மறந்துபோயிருந்தால் ஒருவேளை தாத்தா அங்கேயே தங்கியிருப்பார்.

டீக்கடை சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிற்கிற இடத்தில் கடை. தாத்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார், தோட்டத்துக் கடையில் உட்கார்கிற பழக்கத்தில். செருப்புக் காலோடு. பங்காளி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து, கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கொட்டாங்குச்சியில் ஊற்றின தேத்தண்ணியைக் காட்டினார். தாத்தா அதைக் குடிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு, "இது தூளே இல்ல, குப்ப. பேக்டரியில கூட்டி அள்ளுறது" என்றாராம். நாற்பது வருசம் தேயிலைக்குள் இருந்த மனுசன் அவர், தோட்டத்துக் குழந்தையாக இருந்த காலத்தையும் சேர்த்து. அவமானத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட அவரிடம் அந்த ஒரு அறிவுதான் இருந்தது.

ஒன்றரை வருசம் தாக்குப்பிடித்தார்கள். 1976-ல் பழைய தோட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்து கடுதாசி வந்தது. நீலகிரியில் தேயிலை வேலை இருக்கிறது, நம்ம ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், வந்துவிடு. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்று அரசுத் தேயிலைத் தோட்டங்களை 1968-லேயே நீலகிரியில் தொடங்கியிருந்தார்கள். பிறகு அது டேன்டீ என்ற கழகமானது. தனியார் எஸ்டேட்டுகளும் ஆள் எடுத்தன. கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் அப்பாயியும் தாத்தாவும் பேர் பதிந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பதினாலு வயசு.

பஸ் மலையேறி, குளிர் அடித்ததும் அப்பாயி கம்புளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "இப்பத்தான்யா வந்து சேந்தோம்" என்றதாம். தாயகம் திரும்பியது அந்த நிமிசத்தில்தான் என்று அப்பா சொல்வார். பனியும் சரிவும் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் காலையில் லயத்து வாசலில் பெண்கள் வந்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. இங்கே எந்த ஊர் என்று கேட்டால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும், அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள், அதற்கும் அடுத்தது நமக்குத் தெரியும். எந்தத் தோட்டம் என்றால் அட்டன் பக்கமா, பதுளைப் பக்கமா, எந்தத் துரை காலத்தில் இருந்தீர்கள், அந்தக் கணக்கப்பிள்ளை செத்தானா இருக்கிறானா என்று பேச்சு போகும். எங்கள் கல்யாணங்களில் இன்றைக்கும் கிழவிகள் மாப்பிள்ளை வீட்டாரை அப்படித்தான் விசாரிக்கிறார்கள். பார்க்காத இலங்கைத் தோட்டத்தின் பெயர் எனக்கும் சொந்த ஊராக அப்படி ஒட்டிக்கொண்டது. சாதி பார்க்காமலா கல்யாணம் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பார்க்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்த முதல் கேள்வியில் அது இல்லை. அந்த ஒரு இடைவெளியில் மூச்சு விடலாம்.

நீலகிரிக்குத் தலித்துகள் 1968-க்குப் பிறகுதான் வந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காப்பியும் தேயிலையும் சின்கோனாவும் போட்ட காலத்திலேயே நம்மவர்கள் மலையேறிவிட்டார்கள். அயோத்திதாசர் வளர்ந்தது இந்த மலையில். திராவிட மகாஜன சபை 1891-ல் கூடியது ஊட்டியில். சமவெளிக் கிராமத்தின் பிடி தளர்ந்த இடத்தில்தான் சபை கூட்டவும் முடிந்தது, தலை நிமிர்ந்து மனு எழுதவும் முடிந்தது என்பது தற்செயல் இல்லை. கோலார் தங்கவயலையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரு முள்ளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு லயம் கட்டிய இடம் வெறும் இடம் இல்லை. அது காடு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் நடமாடிய காடு. 1969-ல் கூடலூர் ஜன்மி ஒழிப்புச் சட்டம் வந்தும் நிலம் யாருடையது என்ற வழக்கு தீராமல் இழுத்தடித்துக்கொண்டே போனது. அதில் ஆதிவாசிகளின் குரல்தான் மிகக் குறைவாகக் கேட்டது. துரத்தப்பட்டவர்களை அரசு குடிவைக்கிறது என்றால் பெரும்பாலும் இன்னொரு துரத்தப்பட்டவரின் தலைமாட்டில்தான் குடிவைக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற பணியப் பாட்டியிடம் அப்பாயி கண்ணாடிக் கிளாசைத்தான் நீட்டும். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பூர்வீகம் எதுவோ அங்கே போய் வாங்கி வா என்றார்கள் ஒரு அலுவலகத்தில். பூர்வீகத்துக்குப் போனால், இங்கே உங்களுக்குக் குடியிருப்பு இல்லையே, இருக்கிற இடத்தில் வாங்கு என்றார்கள். மூன்று தடவை மலை இறங்கி ஏறினோம். பண்ணைக்காரத் திண்ணையில் ஒரு நொடியில் தெரிந்த சாதி, காகிதத்தில் வர எட்டு மாசம் ஆனது. கடைசியில் வேலை செய்தது அந்தத் தகரப் பெட்டிக் குடும்ப அட்டைதான்.

2023-ல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை தோழர்கள் நடந்தார்கள். முதல் தலைமுறை காடு வழியாக நடந்த பாதை. நடைக்கு என்னால் போக முடியவில்லை. அந்த வருசக் கடைசியில் அப்பாயியின் தோட்டத்தைத் தேடிப் போனேன். சின்ன அப்பாயியின் மகள், எனக்கு அத்தை, அதே லயத்தில் இருக்கிறார். பக்கத்துக் காம்பராவையும் சேர்த்து முன்னால் தகரம் இழுத்திருக்கிறார்கள். பீலி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய். அவருக்கு 2023-லும் அந்த வீட்டுக்குப் பட்டா இல்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "ஊர்ல மழ தண்ணி உண்டா? நம்ம ஊர்ல கோயில் கொண்டாட்டம்லாம் நல்லா நடக்குதா?" நம்ம ஊர் என்று அவர் சொன்னது அட்டையில் இருக்கிற அந்தத் திருச்சிக் கிராமத்தை. அங்கே எல்லோரும் நிலமும் வீடுமாக இருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். சாகிறவரைக்கும் அப்பாயி ஊர் என்று சொன்னது அத்தை உட்கார்ந்திருந்த அந்த லயத்தை. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மழை நல்லாப் பெய்யுது அத்தை என்றேன்.

அப்பாயி 2009-ல் செத்தது. சமவெளியில் செத்திருந்தால் ஊர்ச் சுடுகாட்டுக்கு வழி கிடையாது, சேரிக்குத் தனிக்காடு, பாதைக்குச் சண்டை. இங்கே லயத்துக்கு மேலே சரிவில் வரிசையாகக் குழி. பதுளைக்காரர் பக்கத்தில் ஹட்டன்காரர், யார் முதலில் போனாரோ அவர் முதலில். தாத்தாவுக்குப் பக்கத்தில் அப்பாயியை வைத்தோம். தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்று நட்டார் அப்பா. இப்போது அது இடுப்புக்கு மேலே வளர்ந்துவிட்டது, கவ்வாத்து வெட்ட யாரும் கை வைப்பதில்லை.

வீடு எங்களுடையது இல்லை. வேலை இருக்கிறவரைக்கும் வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பதுதான் தோட்டத்துச் சட்டம். அப்பாவுக்கு 2020-ல் வேலை முடிந்தது. 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்ததும் மலை முழுக்கப் பயம் பரவியது, கூட்டம் போட்டோம், ஊர்வலம் போனோம். தாயகம் திரும்பியோர் சந்ததிக்கு வீட்டுமனைப் பட்டா வேண்டும் என்ற கோரிக்கையை அம்பேத்கர் படத்துக்குக் கீழே எழுதிப் பிடித்துக்கொண்டு போனார் அப்பா. அவருக்கு எழுபதுகளில் கற்ற தமிழ்தான், 'சந்ததி'யில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தார்.

போன வருசம் எங்கள் பக்கம் அளக்க வந்தார்கள். இரண்டு பேர், ஒரு கருவி, ஒரு வரைபடம். அப்பா கூடவே நடந்தார். லயம் இது, கோயில் இது, தண்ணித் தொட்டி இது என்று காட்டிக்கொண்டே மேலே ஏறினார். சரிவுக்கு வந்ததும் நின்று, "இதையும் சேத்துத்தான அளக்குறீங்க?" என்று கேட்டார்.

வந்தவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த இடம் படத்தில் தேயிலை என்றுதான் இருக்கிறது, ஐயா, என்றார்.